பேருந்துக்குப் படியளப்பது யார்?

ஒரு பேருந்து ஓட ஆகும் செலவை யார் ஏற்பது? ஏறி உட்கார்ந்தவரா, அந்தப் பேருந்து கூட்டிவரும் ஆட்களை வைத்துத் தொழில் நடத்துபவரா, எல்லோர் சார்பிலும் அரசா? தமிழ்நாட்டில் இந்தக் கேள்விக்கு ஏறத்தாழ நூறாண்டுகளாகப் பதில்கள் குவிந்திருக்கின்றன. அதே நூறாண்டில் இன்னொரு கேள்வியும் கூடவே வந்திருக்கிறது: பேருந்தில் யார் ஏறலாம்? முதல் கேள்வி நிதித்துறைக் கோப்பிலும் இரண்டாவது சமூக நீதி வரலாற்றிலும் தனித்தனியே கிடக்கின்றன. ஒன்றின் விடை மற்றொன்றை எவ்வளவு தூரம் தீர்மானிக்கிறது என்பது அதிகம் பேசப்படுவதில்லை.

இரண்டையும் சேர்த்துப் பார்க்கச் சென்னையின் மேற்குப் புறநகர் வசதியான இடம். மேனாம்பேடு, கருக்கு, பட்டரவாக்கம், கொரட்டூர் என்று அடுத்தடுத்துக் கிடக்கும் குடியிருப்புகள். 1960களில் எழுந்த அம்பத்தூர் தொழிற்பேட்டை. அப்பால் ஆவடியின் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலைகள். இன்னொரு பக்கம் பூந்தமல்லி. 2011இல் அம்பத்தூர் நகராட்சி சென்னை மாநகராட்சியில் சேர்ந்தபோது மேனாம்பேடும் மாநகரம் ஆனது. பேருந்து வரைபடத்தில் அந்த மாற்றம் அவ்வளவு எளிதாக நடந்துவிடவில்லை. பெரிய வண்டிகள் பெரும்பாலும் சி.டி.எச். எனப்படும் சென்னை–திருவள்ளூர் நெடுஞ்சாலையிலும் எஸ்டேட் சாலைகளிலும் ஓடுகின்றன. உள்ளே குடியிருப்பவர் அவற்றை எட்ட நடக்க வேண்டும், இல்லையென்றால் ஷேர் ஆட்டோ பிடிக்க வேண்டும். பேருந்து நிதியைப் பற்றிய பெரிய கொள்கைகள் எல்லாம் கடைசியில் இந்த ஒன்றிரண்டு கிலோமீட்டரில்தான் சோதிக்கப்படுகின்றன.

ஏறும் உரிமை

வண்டிக்கு முன்னால் பாதை இருந்தது. 1893இல் திருவிதாங்கூரில் அய்யன்காளி வில்வண்டி பூட்டிப் பொதுச்சாலையில் ஓட்டியதும், 1924–25இல் வைக்கத்தில் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் நடக்க நடந்த போராட்டமும் சாலையைப் பொதுவாக்கும் முயற்சிகள். மோட்டார் பஸ் வந்தபோது பழைய தடை புதிய வண்டியில் ஏறிக்கொண்டது. பஸ் தனியார் சொத்து. யாரை ஏற்றுவது என்பது முதலாளியின் விருப்பம் என்று வாதம் செய்ய இடம் இருந்தது. தமிழ் மாவட்டங்களில் பல பஸ் முதலாளிகள் ஆதிதிராவிடர்களை ஏற்ற மறுத்தார்கள்.

இதற்கு வந்த முதல் நிர்வாகப் பதில் இராமநாதபுரத்திலிருந்து வந்தது. மாவட்டக் கழகத் தலைவராக இருந்த டபிள்யூ. பி. ஏ. சௌந்தரபாண்டியன், ஆதிதிராவிடர்களை ஏற்ற மறுக்கும் பஸ்களின் உரிமம் ரத்தாகும் என்று உத்தரவிட்டார். 1929இல் செங்கல்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர் அவர். சென்னை பாண்டி பஜாரின் பெயரில் இன்றும் இருக்கிறார். அந்த உத்தரவில் கவனிக்க வேண்டியது அதன் கருவி. மனம் மாறச் சொல்லி முதலாளியிடம் அவர் உபதேசம் செய்யவில்லை. வண்டி ஓடுவதற்கான அனுமதி பொதுநிறுவனம் தருவது. ஆகவே அந்த அனுமதிக்குப் பொது நிபந்தனை உண்டு என்றார். பொதுப் பணம் எங்கே போகிறதோ அங்கே பொது உரிமையும் போக வேண்டும் என்று பின்னாளில் உலகின் பல பகுதிகளில் எழுந்த வாதத்தின் வித்து இதில் இருக்கிறது.

சட்டம் பின்னால் வந்தது. எம். சி. ராஜாவின் முயற்சியில் நிறைவேறிய 1938ஆம் ஆண்டு சென்னை மாகாணச் சமூகத் தடைகள் நீக்கச் சட்டம் கிணறு, பாதை ஆகியவற்றோடு போக்குவரத்து வசதிகளையும் சேர்த்துக்கொண்டது. அரசியலமைப்பின் 15(2) பிரிவு கடை, உணவகம், கிணறு, குளம், படித்துறை, சாலை என்று பட்டியலிடுகிறது. வண்டியின் பெயர் அதில் வெளிப்படையாக இல்லை. 1955ஆம் ஆண்டு தீண்டாமைக் குற்றங்கள் சட்டம் பொது வாகனத்தைப் பெயர் சொல்லிச் சேர்த்தது. 1976இல் அதே சட்டம் குடியுரிமைகள் பாதுகாப்புச் சட்டம் என்று பெயர் மாறியது.

இந்தச் சட்டங்கள் எல்லாவற்றுக்கும் பொதுவான ஓர் அனுமானம் உண்டு: பேருந்து ஏற்கெனவே வந்து நிற்கிறது. வந்த வண்டியில் ஒருவரை ஏற்றாமல் விட்டால் தண்டனை. வண்டியே வராவிட்டால்? அதற்கு எந்தப் பிரிவும் இல்லை. 2021இல் வெளிவந்த மாரி செல்வராஜின் 'கர்ணன்' படத்தில் ஊர்க்காரர்கள் கேட்பது இருக்கையை அல்ல, ஒரு நிறுத்தத்தை. அந்தப் படம் நினைவூட்டும் 1995 கொடியன்குளம் நிகழ்வுகளுக்கு முன்னான பதற்றமும் தென்மாவட்டத்தில் பேருந்து ஓட்டுநர் ஒருவருக்கும் மாணவர்களுக்கும் ஏற்பட்ட தகராறோடு தொடங்கியது என்பதைச் சேர்த்துப் படிக்க வேண்டும். மறுப்பது குற்றம், வராமலிருப்பது நிர்வாகம் என்ற பிரிவினைதான் குடியுரிமைப் போராட்டத்தின் மரபு போக்குவரத்து நிதியோடு முட்டிக்கொள்ளும் இடம்.

உரிமத்திலிருந்து உடைமைக்கு

அடுத்த பதில், அரசே வண்டி ஓட்டட்டும் என்பது. சென்னை நகரப் பேருந்துகள் 1947–48லேயே அரசின் கைக்கு வந்துவிட்டன. 1967க்குப் பிறகு தி.மு.க. ஆட்சி நீண்ட தூரத் தடங்களில் தொடங்கி, 1970களின் முற்பகுதியில் பெரிய முதலாளிகளின் வண்டிகளை எடுத்துக்கொண்டது. மதுரையில் டி.வி.எஸ். ஓட்டிய வண்டிகள் பாண்டியன் போக்குவரத்துக் கழகத்துக்குப் போயின. சென்னையில் 1972இல் பல்லவன் வந்தது. சேரன், சோழன், கட்டபொம்மன் என்று வரிசை நீண்டது. 1973ஆம் ஆண்டின் கையகப்படுத்தும் சட்டத்தை அபு காவூர் பாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஏற்றது. சமூகத்தின் பொருள் வளங்கள் பொதுநன்மைக்காகப் பகிரப்பட வேண்டும் என்ற 39(பி) பிரிவுக்குள் பேருந்தும் அடங்கும் என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். தனியார் சொத்து அனைத்தும் அப்படிப்பட்ட வளம் ஆகிவிடாது என்று 2024 நவம்பரில் ஒன்பது நீதிபதிகள் அமர்வு எல்லையைச் சுருக்கியிருப்பதால், இதே வாதம் இன்று அவ்வளவு சுலபமாக எடுபடுமா என்பது சந்தேகம்.

நாட்டுடைமை இரண்டு காரியங்களைச் சாதித்தது என்று சொல்லலாம். வருமானம் கொழிக்கும் தடம் வருமானமில்லாத தடத்தைத் தாங்கும் உள்மானியம் சாத்தியமானது. கிராமங்களுக்குள் நகரப் பேருந்து போனது. இரண்டாவது, ஓட்டுநர், நடத்துநர் வேலைகள் இடஒதுக்கீட்டுக்குள் வந்தன. இது பெரிய மாற்றம். 1963இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் கறுப்பரையும் ஆசியரையும் பேருந்துப் பணியாளராக எடுக்க மறுத்ததற்கு எதிராகவே புறக்கணிப்பு நடந்தது. அமெரிக்காவின் மாண்ட்கோமரியில் 1955இல் தொடங்கிய பேருந்துப் புறக்கணிப்பின் முதல் கோரிக்கைகளிலும் கறுப்பர் அதிகம் செல்லும் தடங்களில் கறுப்பின ஓட்டுநர் வேண்டும் என்பது இருந்தது. இங்கே அது ஒரு பணியமர்த்தல் விதியாகச் சத்தமில்லாமல் நடந்தது.

ஆனால் அரசு உடைமை சாதியைப் பேருந்திலிருந்து இறக்கிவிடவில்லை. 1997இல் விருதுநகரை மையமாக வைத்து, கட்டபொம்மனின் தளபதியான வீரன் சுந்தரலிங்கத்தின் பெயரில் ஒரு கழகம் தொடங்கப்பட்டது. ஒடுக்கப்பட்ட சமூகத்து வீரரின் பெயர் எழுதிய வண்டியில் ஏற மாட்டோம் என்று ஆதிக்கச் சாதியினர் பலர் மறுத்தார்கள், கலவரம் மூண்டது. முடிவில் எல்லாக் கழகங்களிலிருந்தும் எல்லாத் தலைவர்களின் பெயர்களும் எடுக்கப்பட்டன. சென்னையின் வடபகுதிக்கென்று 1994இல் பல்லவனிலிருந்து பிரிந்த டாக்டர் அம்பேத்கர் போக்குவரத்துக் கழகமும் 1997 ஜூலை 1 முதல் மாநகர் போக்குவரத்துக் கழகத்தின் இரண்டாம் பிரிவு ஆனது. அதற்கு முந்தைய நாள், ஜூன் 30 அன்று, மதுரையிலிருந்து பேருந்தில் திரும்பிக்கொண்டிருந்த மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசனும் உடன் வந்தவர்களும் வண்டி மறிக்கப்பட்டு வெட்டிக் கொல்லப்பட்டார்கள்.

மாண்ட்கோமரியில் பேருந்தைப் புறக்கணித்தவர்கள் அவமதிக்கப்பட்டவர்கள். இங்கே புறக்கணித்தவர்கள் அவமதித்தவர்கள். அமெரிக்கக் கதையைத் தமிழ்நாட்டின் மேல் அப்படியே போர்த்த முயல்பவர்கள் இந்த வேறுபாட்டைத் தாண்டிப் போய்விட முடியாது. இலங்கையும் இன்னொரு எச்சரிக்கை. 1958 தொடக்கத்தில் அங்கே பேருந்துகள் தேசியமயமான சில மாதங்களிலேயே, சிங்கள 'ஸ்ரீ' எழுத்துப் பொறித்த வண்டிகள் வடக்கே அனுப்பப்பட்டன; தமிழரசுக் கட்சி அந்த எழுத்தைத் தார் பூசி அழிக்கும் போராட்டத்தை நடத்தியது. பேருந்து அரசுடைமை ஆகும்போது அரசின் முகமும் வண்டியில் ஏறிவிடுகிறது.

லாப நட்டக் கணக்கு

பேருந்து தன் செலவைத் தானே சம்பாதிக்க வேண்டும் என்ற நிலைப்பாடு பழையது, பிடிவாதமானது. 1950ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துக் கழகங்கள் சட்டமே கழகங்கள் வணிகக் கோட்பாடுகளின்படி நடக்க வேண்டும் என்கிறது. தமிழ்நாடு ஒரு படி மேலே போய், தன் கழகங்களைக் கம்பெனிச் சட்டத்தின் கீழ்ப் பதிவு செய்தது. அதனால் ஆண்டுதோறும் ஒரு 'நட்டம்' அச்சாகி வெளிவருகிறது. சாலைக்கு நட்டக் கணக்கு எழுதுவதில்லை, தெருவிளக்குக்கும் எழுதுவதில்லை. பேருந்துக்கு மட்டும் எழுதுகிறோம்.

இந்த நிலைப்பாட்டில் நியாயமே இல்லை என்று ஒதுக்கிவிட முடியாது. செலவைப் பார்க்காமல் ஓட்டும் நிறுவனத்தில் உதிரிபாகக் கொள்முதல் முதல் பணிமனை நிர்வாகம் வரை ஒழுங்கு தளரும் என்பது அனுபவம். ஆனால் தமிழ்நாட்டில் வணிகக் கோட்பாடு ஒருபோதும் முழுதாகக் கடைப்பிடிக்கப்படவில்லை. கட்டணம் 2001, 2011, 2018 என்று நீண்ட இடைவெளிகளில், தேர்தல் காலண்டரைப் பார்த்து, ஒரே அடியாக உயர்ந்தது. 2018 ஜனவரியில் உயர்ந்தபோது மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள். அரசு சில நாட்களில் கொஞ்சம் இறங்கி வந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் டீசலும் சம்பளமும் ஏறின, கட்டணம் அசையவில்லை.

அந்த இடைவெளியை யார் நிரப்பினார்கள்? அதே 2018 ஜனவரியில், கட்டண உயர்வுக்குச் சில நாட்கள் முன்பு, 4 முதல் 11 வரை நடந்த வேலைநிறுத்தத்தில் தொழிற்சங்கங்கள் அதற்குப் பதில் சொன்னன. தொழிலாளரிடம் பிடித்த சேமநிதிப் பணத்தையும் ஓய்வுபெற்றோருக்குத் தர வேண்டிய பணப்பலனையும் கழகங்கள் அன்றாடச் செலவுக்கு எடுத்துக்கொண்டன என்பது அவர்களின் குற்றச்சாட்டு. அது சரியென்றால், பயணியும் தராத, கருவூலமும் தராத பணத்தைப் பல ஆண்டுகள் ஓட்டுநரும் நடத்துநரும் தந்திருக்கிறார்கள். வரவுக்கும் செலவுக்கும் உள்ள வித்தியாசத்தை அரசு பட்ஜெட்டில் நேரடியாக ஒதுக்க வேண்டும் என்று சங்கங்கள் இன்றுவரை கேட்பதற்கு இதுதான் பின்னணி. எந்த நிதி வாதத்திலும் இந்த மூன்றாவது படியளப்பவரை விட்டுவிட்டால் கணக்கு பொய்யாகிவிடும்.

வணிகக் கோட்பாட்டின் இன்னொரு பலவீனத்தை அம்பத்தூர் எஸ்டேட்டில் நின்றால் பார்க்கலாம். ஷேர் ஆட்டோ ஆள் நிறைந்தால்தான் கிளம்பும். பின்னிருக்கையில் மூவர் நால்வர், எதிர்ப்பலகையில் இன்னும் சிலர், ஓட்டுநரின் பக்கத்தில் ஒருவர் பாதி உடம்பு வெளியே. பத்து, இருபது ரூபாய்க்குப் போகும் குட்டைப் பயணங்கள் எல்லாம் அதற்குப் போய்விடுகின்றன. பேருந்துக்கு மிஞ்சுவது நெடுந்தூரமும் நெரிசல் நேரமும். லாபமான துண்டை வேறொருவர் எடுத்துக்கொண்ட பிறகு மிச்சத்துக்கு நட்டக் கணக்கு எழுதுவது எந்த வணிகக் கோட்பாடு என்று கேட்கத் தோன்றுகிறது. ஆனாலும் மேனாம்பேட்டுக்காரருக்கு அந்த ஆட்டோ இல்லாவிட்டால் நடைதான். அதைப் போட்டியாளர் என்று மட்டும் சொல்லிவிடுவது அநியாயம்.

மாண்ட்கோமரி சொல்வதும் சொல்லாததும்

1955 டிசம்பர் 1 அன்று ரோசா பார்க்ஸ் கைதானதும், டிசம்பர் 5 முதல் 381 நாட்கள் கறுப்பர்கள் பேருந்தில் ஏறாமல் நடந்ததும் தெரிந்த கதை. அதன் நிதிப் பக்கம் அவ்வளவாகச் சொல்லப்படுவதில்லை. அந்த நகரப் பேருந்துகள் ஒரு தனியார் கம்பெனியுடையவை. பயணிகளில் முக்கால்வாசிப் பேர் கறுப்பர்கள். கல்லாப்பெட்டியை நிரப்பியவர்களே அதைக் காலியாக்கினார்கள். வழக்கு மன்றத்தில் வென்றது உண்மை. அதுவரை போராட்டத்தைத் தாங்கியது பயணக் கட்டணம் கையில் இருந்த பலம்.

அதன் வழித்தோன்றல் லாஸ் ஏஞ்சல்ஸில் வந்தது. 1994இல் பேருந்துப் பயணிகள் சங்கம் அந்நகரப் போக்குவரத்து ஆணையத்தின் மேல் வழக்குத் தொடுத்தது. ஏழைகளும் நிற வேறுபாட்டுக்கு ஆளானவர்களும் போகும் பேருந்தில் கட்டணத்தை ஏற்றி, மாத அட்டையை நிறுத்தி, வசதியானோர் போகும் ரயிலுக்குப் பணத்தைக் கொட்டுவது 1964ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்துக்கு விரோதம் என்பது வாதம். 1996இல் பத்தாண்டு ஒப்பந்தம் ஒன்று ஏற்பட்டது. நெரிசலைக் குறைக்கவும் மலிவான மாத அட்டையைத் தொடரவும் ஆணையம் ஒப்புக்கொண்டது. ஆனால் 2001இல் சாண்டோவல் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், பாகுபாட்டு நோக்கத்தை நிரூபிக்காமல் விளைவை மட்டும் காட்டித் தனிநபர்கள் இப்படி வழக்குப் போட முடியாது என்றது. கதவு பெருமளவு மூடிக்கொண்டது. ஒதுக்கீட்டில் உள்ள அநீதியை நீதிமன்றத்தில் நிறுவுவது, இருக்கையில் உள்ள அநீதியை நிறுவுவதைவிடக் கடினம் என்பது அந்த முப்பதாண்டு அனுபவம்.

சென்னையோடு இதை ஒப்பிடுவோர் மெட்ரோவைக் காட்டுவார்கள். 118.9 கிலோமீட்டர் இரண்டாம் கட்டத்தின் மதிப்பீடு 63,246 கோடி ரூபாய்; பூந்தமல்லியும் அதன் பாதையில் இருக்கிறது. மாநிலம் முழுவதற்குமான மகளிர் கட்டணமில்லாப் பயணத்துக்கு 2025–26 நிதிநிலை அறிக்கையில் ஒதுக்கியது 3,600 கோடி. ஒன்று பல ஆண்டுக் கட்டுமானம், பெரும்பகுதி கடன். மற்றொன்று ஆண்டுச் செலவு. இரண்டையும் தராசின் இரு தட்டில் வைப்பது சரியில்லை. ஆனால் ஒன்றை 'முதலீடு' என்றும் மற்றதை 'இலவசம்' என்றும் எழுதும் பழக்கத்தை லாஸ் ஏஞ்சல்ஸ் வழக்குக்குப் பிறகு கேள்வி கேட்காமல் விட முடியாது.

இந்தியாவில் நீதிமன்ற வழி ஓரளவு திறந்தது மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 வழியாக. படியேற முடியாதவர்கள் ஏறத்தக்க தாழ்தளப் பேருந்துகளை வாங்க வேண்டும் என்று வைஷ்ணவி ஜெயக்குமார் சென்னை உயர் நீதிமன்றத்தில் நடத்திய வழக்கில், விலை அதிகம், சாலைகள் தாங்காது என்பவை அரசுத் தரப்பின் பதில்களில் சில. கடைசியில் 2024 ஆகஸ்டில் தாழ்தள வண்டிகள் சென்னையில் ஓடத் தொடங்கின. உரிமை கொள்முதல் பட்டியலை மாற்றிய அரிய சந்தர்ப்பம் இது. எத்தனை வண்டி, எந்தத் தடத்தில் என்பது பிறகும் நிர்வாகத்தின் கையில்.

கட்டணமில்லாப் பயணம்

2021 மே 8 முதல் தமிழ்நாட்டில் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்கள் காசில்லாமல் போகிறார்கள். திருநங்கையருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் அது விரைவிலேயே விரிந்தது. 'விடியல் பயணம்' என்ற பெயரும் வந்தது. தில்லி 2019லேயே தொடங்கியிருந்தது. கர்நாடகத்தின் சக்தி திட்டமும் தெலங்கானாவின் மகாலட்சுமியும் 2023இல் வந்தன. தொடக்கத்தில் 1,200 கோடியாக இருந்த தமிழ்நாட்டு ஒதுக்கீடு நான்கு ஆண்டுகளில் மூன்று மடங்கானது.

ஆதரிப்போரின் வாதம் வலுவானது. மாநிலத் திட்டக்குழுவின் ஆய்வு, பயன்படுத்தும் பெண்ணுக்கு மாதம் சராசரியாக 800 ரூபாய்க்கு மேல் மிச்சம் என்றது. வீட்டுவேலை, ஆயத்த ஆடை, பூ வியாபாரம் என்று போகும் பெண்ணின் கூலியில் அது சின்னத் தொகை இல்லை. வீட்டில் காசு கேட்காமல் வெளியே போக முடிவதைத் தனியாக மதிப்பிட வேண்டும் என்பவர்களும் உண்டு. எதிர்ப்போர் கருவூலத்தின் பாரத்தைச் சொல்கிறார்கள்; வசதியுள்ள பெண்ணுக்கும் ஏன் என்கிறார்கள். இரண்டாவது கேள்வி அவ்வளவு கூர்மையானது அல்ல: வசதியுள்ளவர்கள் சாதாரணக் கட்டணத்தைக் குறிக்கும் வெள்ளைப் பலகைப் பேருந்தில் முட்டிமோதி ஏறுவதில்லை.

உண்மையான சிக்கல் வேறு இரண்டு இடங்களில் இருக்கிறது.

முதலாவது, சலுகை பெண்ணுக்கு என்று சொல்லப்பட்டாலும் அது வண்டியின் பலகையோடு கட்டப்பட்டிருக்கிறது. சென்னையில் திட்டம் தொடங்கிய ஆண்டுகளில் மாநகர் பேருந்துகளில் ஏறக்குறைய பாதிதான் சாதாரணக் கட்டண வண்டிகள். அடையாளம் தெரிய 2022இல் முன்னும் பின்னும் இளஞ்சிவப்புப் பூசினார்கள். இரவு எட்டரைக்கு ஷிஃப்ட் முடிந்து எஸ்டேட் நிறுத்தத்தில் நிற்கும் பெண்ணுக்கு முதலில் வருவது டீலக்ஸ் என்றால், அவளுக்கு இரண்டு வழி: காசு கொடுத்து ஏறுவது, அல்லது இன்னும் அரை மணி நின்று அந்த நேரத்தைக் கட்டணமாகக் கொடுப்பது. இறங்கிய பிறகு உள்ளே போக ஷேர் ஆட்டோவுக்குத் தனியாக எடுத்து வைக்க வேண்டும். பெரிய சாலையின் ஓரத்தில் குடியிருப்பவளும் உள்ளே தள்ளிக் குடியிருப்பவளும் ஒரே சட்டத்தின் கீழ் வேறு வேறு அளவு பயன் பெறுகிறார்கள். வாடகை எங்கே குறைவோ அங்கேதான் பேருந்தும் குறைவு என்பதையும் சேர்த்தால், உதவி அதிகம் தேவைப்படுபவருக்குக் குறைவாகப் போய்ச் சேரும் வாய்ப்பு உண்டு. இதற்குத் தெருவாரியான கணக்கு வேண்டும். மாநில சராசரி இதைக் காட்டாது.

இரண்டாவது சிக்கல் பலத்தைப் பற்றியது. காசு கொடுப்பவரிடம் மாண்ட்கோமரியின் ஆயுதம் இருக்கிறது: ஏறாமல் இருக்கலாம். காசு கொடுக்காதவர் ஏறாமல் இருந்தால் கல்லாவுக்கு என்ன குறையும்? இன்னும் சொல்லப்போனால், வசூலைப் பார்த்தே படி கணக்கிட்டுப் பழகிய ஓர் அமைப்பில் அவர் ஏறாதது நல்லது என்றுகூட ஓட்டுநருக்குத் தோன்றலாம். பெண்கள் மட்டும் நிற்கும் நிறுத்தங்களில் வண்டி தள்ளிப் போய் நிற்கிறது என்ற புகாரும், நிறுத்தியே ஆக வேண்டும் என்ற சுற்றறிக்கைகளும் சேர்ந்தே வந்ததில் வியப்பில்லை. 2022இல் அமைச்சர் ஒருவர் மேடையில் 'ஓசி' என்று சொன்னது அந்த மனநிலை கீழ்த்தட்டோடு நிற்கவில்லை என்பதைக் காட்டியது. இந்தத் திட்டத்தில் பயணியின் பலம் கல்லாவிலிருந்து வாக்குப்பெட்டிக்கு இடம் மாறிவிட்டது. வாக்குப்பெட்டி ஐந்தாண்டுக்கு ஒருமுறை திறப்பது; ஒரு தடத்தின் காலை நடை ரத்தானதை அது பதிவு செய்வதில்லை.

நடத்துநர் காசு வாங்காவிட்டாலும் பெண்களுக்குச் சீட்டுத் தருவது இந்தக் குறையை ஓரளவு ஈடுகட்டுகிறது. அந்தச் சீட்டுதான் கழகம் அரசிடம் ஈட்டுத்தொகை கேட்பதற்கு ஆதாரம். ஆனால் அது ஏறியவர்களை மட்டுமே எண்ணும். வண்டி வராததால் ஏறாதவர்கள் அந்தக் கணக்கில் இல்லை.

கிலோமீட்டருக்கு விலை

சமீபத்திய பதில், ஏறும் தலையை எண்ணாமல் ஓடும் தூரத்துக்குப் பணம் கொடு என்பது. உலக வங்கித் திட்டத்தின் கீழ்ச் சென்னைக்கு வரும் மின்பேருந்துகள் இந்த முறையில் ஓடுகின்றன. வண்டி ஒப்பந்ததாரருடையது, ஓட்டுநரும் அவருடைய ஆள், நடத்துநர் மாநகர் போக்குவரத்துக் கழகத்தவர், வசூல் கழகத்துக்கு, ஒப்பந்ததாரருக்குக் கிலோமீட்டர் கணக்கில் கட்டணம். 2025 ஜூன் 30 அன்று வியாசர்பாடியில் 120 வண்டிகளோடு தொடங்கியது. முதல் கட்டமான 625 வண்டிகளுக்குரிய பணிமனைகளில் பூந்தமல்லியும் உண்டு.

மேற்சொன்ன குறைக்கு இது ஒரு மருந்து போலத் தெரிகிறது. கூட்டம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் வண்டி ஓடினால் பணம் என்றால், நிறுத்தத்தில் பெண்கள் நிற்பதால் யாருக்கும் நட்டமில்லை. உள்தெருக்களுக்குள் போகும் நடையையும் ஒப்பந்தத்தில் எழுதிவிடலாம். எழுதுவார்களா என்பது வேறு. லட்சம் பேருக்கு 60 பேருந்து என்பது நகர்ப்புற அமைச்சகம் வகுத்த முதல் தரம். ஒரு கோடியைத் தாண்டிய சென்னைப் பெருநகருக்கு மாநகர் கழகத்தின் வண்டிகள் மூவாயிரத்துச் சொச்சத்தில் நிற்கின்றன. இருக்கும் வண்டியை எங்கே அனுப்புவது என்ற நெருக்கடியில் மேனாம்பேடு வரிசையில் பின்னால்தான் நிற்கும்.

தொழிற்சங்கங்களின் எதிர்ப்பு இன்னொரு கோணத்திலிருந்து வருகிறது. ஒப்பந்த ஓட்டுநருக்கு இடஒதுக்கீடு பொருந்தாது. அரசுக் கழகப் பணியின் சம்பளமும் பாதுகாப்பும் இல்லை. ஐம்பதாண்டுகளுக்கு முன் நாட்டுடைமை தந்த சமூகப் பலனை, பயணிக்கு நல்லது செய்யும் பெயரில், பின்வாசல் வழியே திரும்ப எடுத்துக்கொள்கிறார்கள் என்பது அந்த வாதம். இதற்கு ஒப்பந்த ஆதரவாளர்களிடமிருந்து நேரான பதில் இதுவரை வரவில்லை. பயணியின் உரிமையும் பணியாளரின் உரிமையும் எதிரெதிரே நிறுத்தப்படுவது குடியுரிமை மரபுக்குப் புதிது. மாண்ட்கோமரியில் இரண்டும் ஒரே கோரிக்கைத் தாளில் இருந்தன.

கேட்கப்படாத கை

பிரான்சில் 1971 முதல் நடைமுறையில் உள்ள ஒரு வரி இங்கே அரிதாகவே விவாதத்துக்கு வருகிறது. குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு மேல் ஆள் வைத்திருக்கும் நிறுவனங்கள் சம்பளப் பட்டியலில் ஒரு பங்கை உள்ளூர்ப் போக்குவரத்துக்குத் தர வேண்டும். பாரிசில் தொடங்கிப் பிற நகரங்களுக்குப் பரவியது. தொழிலாளி நேரத்துக்கு வந்து சேர்வதால் பயன் பெறுவது முதலாளியும்தான் என்பது இதன் தர்க்கம்.

அம்பத்தூர், ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரத்துக்கு இது கற்பனையே இல்லை. பல ஆலைகள் ஏற்கெனவே சொந்தச் செலவில் கம்பெனி பஸ் விடுகின்றன. போக்குவரத்துக்கான பணம் அங்கே இருக்கிறது. அது தனித்தனி வண்டிகளில், அந்தந்த ஆலையின் ஆட்களை மட்டும் ஏற்றிக்கொண்டு, பொது நிறுத்தங்களைக் கடந்து ஓடுகிறது. ஆட்சேபங்களும் எளிதில் தோன்றும். எஸ்டேட்டின் சிறு பட்டறைகளுக்கு இன்னொரு வரியைத் தாங்க வலு இல்லை. முறைசாராத் தொழிலாளர் நிறைந்த இடத்தில் சம்பளப் பட்டியலே அரைகுறை. வசூலான பணம் மாநிலத்தின் பொதுக் கணக்கில் கரைந்துவிடலாம். இவற்றில் கடைசியானதே கனமானது என்று தோன்றுகிறது. மாநகராட்சி வரி வாங்குகிறது, பேருந்து மாநிலக் கழகத்துடையது. உள்ளூரில் எழும் பணம் உள்ளூர்த் தடத்துக்கே போகும் என்பதற்கு இப்போதைய அமைப்பில் உத்தரவாதம் இல்லை.

தீராதவை

மேலே பார்த்த பதில்களில் எதுவும் மற்றதை முழுதாகத் தள்ளிவிடவில்லை. உரிமத்தின் நிபந்தனையும் அரசு உடைமையும் கட்டணமில்லாப் பயணமும் ஒன்றன்மேல் ஒன்றாக இன்றும் நடைமுறையில் இருக்கின்றன. விடையில்லாமல் நிற்பவை மூன்று.

ஒரு குடியிருப்புக்கு இத்தனை நிமிடத்துக்கு ஒரு பேருந்து என்ற குறைந்தபட்சச் சேவையைச் சட்ட உரிமையாக்க முடியுமா? முடிந்தால், மீறினால் யார் பதில் சொல்வது: கழகமா, நிதித்துறையா, மாநகராட்சியா? தாழ்தளப் பேருந்து வழக்கு ஒரு வழியைக் காட்டியது; அதற்குப் பின்னால் தெளிவான ஒரு சட்டம் இருந்தது. உள்தெருவில் பேருந்து வராததற்கு அப்படி ஒரு சட்டம் இல்லை. லாஸ் ஏஞ்சல்ஸ் அனுபவம் நீதிமன்றத்தை மட்டும் நம்புவதற்கு எதிராகவே பேசுகிறது.

அடுத்தது, ஈட்டுத்தொகையைப் பயணிகளின் எண்ணிக்கையிலிருந்து ஓடிய நடைகளின் எண்ணிக்கைக்கு மாற்றினால் அரசுக் கழகத்திலேயே அது வேலை செய்யுமா, அல்லது ஒப்பந்தமுறைக்கு மட்டும் பொருந்துமா? முதலாவது சாத்தியம் என்றால் இடஒதுக்கீட்டை விட்டுக்கொடுக்காமலே நடையைக் கூட்டலாம். தமிழ்நாட்டில் அதைச் சோதித்துப் பார்க்க ஒரு பணிமனை போதும். அம்பத்தூரிலேயே ஒன்று இருக்கிறது.

மூன்றாவது, மிகக் கடினமானது. தமிழ்நாட்டின் வரலாற்றில் பேருந்து எங்கே போகும், எங்கே நிற்கும் என்பதைச் சாதி பல இடங்களில் தீர்மானித்திருக்கிறது. புறநகரில் அதையே இப்போது வாடகையும் சாலையின் அகலமும் பயணிகள் எண்ணிக்கையும் தீர்மானிப்பதாகச் சொல்லப்படுகிறது. இந்தப் புதிய காரணங்கள் பழைய காரணத்திலிருந்து எவ்வளவு விலகியவை? எந்தத் தெருவில் யார் வாழ்கிறார்கள், அங்கே நாளொன்றுக்கு எத்தனை நடை என்ற இரண்டு பட்டியல்களையும் அருகருகே வைத்தால்தான் இதற்குப் பதில் சொல்லத் தொடங்கவே முடியும். முதல் பட்டியல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பிடமும் இரண்டாவது மாநகர் போக்குவரத்துக் கழகத்திடமும் இருக்க வேண்டியவை.